கான்கிரீட் போட்ட பிறகு கம்பியை எண்ண முடியாது: வீடு கட்டும்போது எந்தக் கட்டத்தில் எதை அளக்க வேண்டும்? முழு விவரம்

கட்டி முடித்த வீட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட், டைல்ஸ், கதவு, ஜன்னல் மட்டும்தான். வீட்டைத் தாங்கி நிற்கும் எதுவும் வெளியே தெரியாது. அஸ்திவாரத்தை மண் மூடிவிடும். கம்பியை கான்கிரீட் மூடிவிடும். செங்கல்லை பூச்சு மூடிவிடும். பைப்பை டைல்ஸ் மூடிவிடும்.

அதனால்தான் சைட்டில் ஒரு எளிய விதி உண்டு. அடுத்த வேலை மூடுவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும். சிவில் படித்துவிட்டு முதல்முறை சைட்டுக்குப் போகும் டிரெய்னி சர்வேயர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. வங்கிக் கடன் வாங்கி சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

2014 ஜூன் 28. சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்திலேயே இருந்த இன்னொரு அடுக்குமாடிக் கட்டடத்தையும் விட்டுவைக்க முடியவில்லை. 2016 நவம்பர் 2ஆம் தேதி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சொந்த வீட்டில் இவ்வளவு பெரிய விபத்து நடப்பது அரிது. ஆனால் சன்ஷேட் உடைந்து விழுவது, தரை இறங்குவது, பாத்ரூம் சுவர் ஊறுவது எல்லாம் நம் தெருவிலேயே பார்ப்பதுதான். இவற்றில் பலவற்றின் காரணம், யாரும் அளக்காமல் மூடப்பட்ட ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகுதான் அனுமதி என்ற காத்திருப்பு இதில் இல்லை. வேலை எளிதாகிவிட்டது. கூடவே, சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் வீட்டுக்காரர் பக்கம் கூடியிருக்கிறது.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் மட்டும்தானா?

நம்ம ஊரில் சர்வேயர் என்றதும் தாலுகா ஆபீஸில் இருந்து வந்து நிலத்தை அளப்பவர்தான் நினைவுக்கு வருவார். கட்டுமான சைட்டில் இன்னும் இரண்டு வகை சர்வேயர்கள் உண்டு. காகிதத்தில் இருக்கும் பிளானை தரையில் சரியான இடத்தில், சரியான மட்டத்தில் குறித்துக் கொடுப்பவர் ஒருவர். எவ்வளவு வேலை நடந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு பணம் என்று அளந்து கணக்கு போடுபவர் இன்னொருவர். சின்ன சைட்டுகளில் இரண்டையும் ஒரே இன்ஜினியர்தான் பார்ப்பார்.

எந்த முறையில் கட்டுகிறார்கள்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முறை மாறினால் பார்க்க வேண்டிய இடமும் மாறும்.

சுமை தாங்கும் சுவர்: பில்லர் இல்லாமல், 9 அங்குல செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். இதில் சுவரை இடிப்பது என்றால் வீட்டின் காலை எடுப்பது மாதிரி.

பில்லர், பீம் முறை: இன்று அதிகம் கட்டப்படுவது இதுதான். கூரையின் எடை பீமுக்கும், அங்கிருந்து பில்லருக்கும், பிறகு அஸ்திவாரத்துக்கும் போகும். சுவர் வெறும் தடுப்பு. கம்பியும் கான்கிரீட்டும்தான் இங்கே உயிர்.

அலுமினிய ஷட்டரிங் முறை: பெரிய அடுக்குமாடிகளில் சுவரையும் கூரையையும் ஒரே நேரத்தில் கான்கிரீட்டாக வார்ப்பார்கள். செங்கல்லே இருக்காது. வேகமாக முடியும். ஆனால் சுவிட்ச் பாக்ஸ், பைப் போகும் வழி எல்லாவற்றையும் கான்கிரீட்டுக்கு முன்பே வைத்துவிட வேண்டும். பிறகு உடைப்பது கஷ்டம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

பில்லர், பீம் முறையில் ஒரு வீடு எப்படிக் கட்டம் கட்டமாக எழும்புகிறது என்று பார்க்கலாம்.

கட்டம் 1: மனையும் மார்க்கிங்கும்

பத்திரத்தில் 30க்கு 40 அடி என்று இருக்கும். நான்கு பக்கமும் டேப் பிடித்தால் சரியாகவும் வரும். ஆனாலும் மனை சதுரமாக இல்லாமல் கோணலாக இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். 30க்கு 40 மனையில் இரண்டு குறுக்களவும் சரியாக 50 அடி வர வேண்டும். ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் மூலை கோணல். கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 என்று அளப்பதும் இதே கணக்குதான்.

அடுத்தது சென்டர் லைன். ஒவ்வொரு பில்லரின் நடுப்புள்ளியும் எங்கே வரும் என்று நூல் கட்டிக் குறிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். பில்லர் வரும் இடத்திலேயே முளையடித்தால், குழி தோண்டும்போது முளையும் மண்ணோடு போய்விடும். அதனால் தோண்டும் இடத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் தள்ளி முளையடித்து வைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நூல் கட்டி நடுப்புள்ளியைத் திரும்ப எடுக்க அதுதான் வழி.

மட்டத்துக்கும் இதே கதைதான். அசையாத ஓர் இடத்தில் ஒரு மட்டக்குறி போட்டு, அதை வைத்தே கடைசி வரை உயரம் பார்க்க வேண்டும். தெருவைவிட வீடு எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது இந்தக் குறிதான். மழைத் தண்ணீர் வாசலோடு நிற்குமா, உள்ளே வருமா என்பதும் அதில்தான் இருக்கிறது.

கட்டம் 2: வானம் தோண்டுவதும் அஸ்திவாரமும்

அஸ்திவாரக் குழி தோண்டுவதைத்தான் 'வானம் தோண்டுவது' என்கிறார்கள். எவ்வளவு ஆழம்? 'பக்கத்து வீட்டுக்கு 5 அடி, நமக்கும் 5 அடி' என்று முடிவு செய்யக் கூடாது. மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் வரும். இப்படிப்பட்ட இடங்களில், அடியில் குமிழ் போல அகன்ற பைல் போடும் முறையை இன்ஜினியர்கள் பரிந்துரைப்பது உண்டு. கொட்டி நிரப்பிய மண்ணாக இருந்தால், அதைத் தாண்டி உறுதியான மண் வரும் வரை இறங்க வேண்டும்.

இங்கே அளக்க வேண்டியவை: குழியின் நீளம், அகலம், ஆழம், அடிமண். பிறகு அடியில் போடும் பி.சி.சி. கான்கிரீட்டின் கனம். அதன் மேல் வரும் கம்பி வலை. ஃபூட்டிங்கில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 50 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. அதற்குத்தான் கவர் பிளாக் வைப்பது. செங்கல் துண்டை வைத்து முட்டுக் கொடுத்தால் அது ஈரத்தை இழுத்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பில் போடும்போது ஒரு விஷயம் கவனம். வெளியே கொட்டிக் கிடக்கும் மண்ணை அளக்கக் கூடாது. தோண்டிய மண் உப்பி, அளவில் கூடிவிடும். குழியைத்தான் அளக்க வேண்டும். அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால்.

ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டு மண் சரியாமல் இருக்கத் தடுப்பு வேண்டும். குழிக்குள் நிற்பவர்களின் உயிர் அது.

கட்டம் 3: பேஸ்மட்டம்

ஃபூட்டிங்கில் இருந்து பில்லர் எழும்பி, தரைமட்டத்தில் பிளின்த் பீம் சுற்றி வரும். உள்ளே மண் நிரப்புவார்கள். லாரி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் வேலை முடிந்த மாதிரி தெரியும். இரண்டு வருஷம் கழித்து டைல்ஸ் இறங்கும்போதுதான் விஷயம் புரியும். அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் விட்டு, திம்ஸு போட்டு இறுக்க வேண்டும்.

கட்டம் 4: பில்லர், சுவர், லிண்டல்

பில்லரில் மூன்று விஷயம். ஒன்று, டிராயிங்கில் சொன்ன கம்பி எண்ணிக்கையும் தடிமனும். இரண்டு, கம்பியைச் சுற்றி வரும் ரிங்குகளின் இடைவெளி. மூன்று, தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கும் நேர்நிலை.

ரிங்கின் கொக்கியையும் பார்க்க வேண்டும். சென்னை போன்ற மூன்றாம் நிலநடுக்க மண்டலப் பகுதிகளில் கொக்கி 90 டிகிரியில் நின்றுவிடக் கூடாது. 135 டிகிரி வரை உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும். நிலம் குலுங்கும்போது 90 டிகிரி கொக்கி திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கம்பிகள் பிதுங்கிவிடும். பில்லரில் கவர் 40 மி.மீ.

நிலை வைத்து, செங்கல் கட்டி, சுமார் 7 அடியில் லிண்டல் வரும். அதோடு சேர்ந்துதான் சன்ஷேட். இங்கே நிறைய சைட்டில் ஒரு தப்பு நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் சன்ஷேட், பால்கனி போன்றவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே போய்விட்டால், வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். முட்டு பிரிக்கும்போதோ, பிறகு ஒருநாளோ அது முறிந்து விழும். கம்பியை மேலே தாங்கிப் பிடிக்க 'சேர்' என்ற வளைத்த கம்பிகள் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கட்டம் 5: ரூஃப் கான்கிரீட்

மொத்த வேலையிலும் பரபரப்பான நாள் இது. விடியற்காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். 'மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் போட்டுடலாம்' என்பார் மேஸ்திரி. அந்த அவசரத்தில்தான் பல விஷயங்கள் விடுபடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி ரூஃப், 5 அங்குல கனம். கான்கிரீட் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கம்பி கான்கிரீட் சுமார் 2.5 டன். ஆக, 29 டன்னுக்கு மேல் எடையை அன்றைக்கு கீழே நிற்கும் முட்டுகள் மட்டுமே தாங்குகின்றன. முட்டு உறுதியான தரையில் நிற்கிறதா, அடியில் பலகை இருக்கிறதா, குறுக்குக் கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதே ரூஃபில் கனம் அரை அங்குலம் குறைந்தால்? பத்தில் ஒரு பங்கு கான்கிரீட் குறைகிறது. காசும் போச்சு, பலமும் போச்சு. கான்கிரீட் கொட்டும்போதே அங்கங்கே கம்பியால் குத்தி கனம் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது தண்ணீர். எம்20 கான்கிரீட்டில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 27.5 லிட்டர் தண்ணீர்தான் சேர்க்கலாம். ஈரமான மணலில் இருக்கும் தண்ணீரும் இதில் அடக்கம். 'கொஞ்சம் தண்ணி ஊத்து, ஓடட்டும்' என்று சேர்க்கும் ஒவ்வொரு பக்கெட்டும் பலத்தைக் குறைக்கும்.

சோதனைக்கு கியூப் எடுக்க மறக்கக் கூடாது. 150 மி.மீ. பக்கமுள்ள கட்டிகள், ஒரு மாதிரிக்கு மூன்று. 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரிகள். 28ஆம் நாள் லேபில் நசுக்கிப் பார்த்தால் உண்மையான பலம் தெரியும். பெரிய பில்டிங்குகளில் வழக்கமாக நடக்கும் இந்தச் சோதனையை தனி வீட்டுக்காரரும் கேட்டு வாங்கலாம்.

ரூஃபுக்குள் போகும் மின்சார பைப், ஃபேன் பாக்ஸ் எல்லாவற்றையும் கான்கிரீட்டுக்கு முன் ஒருமுறை எண்ணி போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டம் 6: காத்திருப்பும் ஒரு வேலைதான்

ரூஃப் போட்ட பிறகு சைட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். உண்மையில் கான்கிரீட் பலம் ஏறுவது அப்போதுதான். சாதாரண ஓ.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாளாவது வேண்டும். 14 நாள் என்பது பரிந்துரை. ரூஃபில் பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்துவதும், பில்லரில் ஈரச்சாக்கு சுற்றுவதும் இதற்குத்தான்.

முட்டு எப்போது பிரிக்கலாம்? ஓ.பி.சி. சிமெண்டில் ரூஃபின் அகலம் 4.5 மீட்டர், அதாவது சுமார் 15 அடி வரை என்றால் 7 நாள். அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை குறைந்தபட்ச நாட்கள். பி.பி.சி.யில் ஆரம்பத்தில் பலம் மெதுவாக ஏறும் என்பதால் இன்ஜினியரைக் கேட்டு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செண்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று அவசரப்பட்டுப் பிரிப்பது பெரிய ரிஸ்க்.

கட்டம் 7: வயரிங், பைப், பூச்சு

சுவரில் காடி வெட்டி பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்னால் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்திக் கசிவு பார்க்க வேண்டும். பாத்ரூமில் வாட்டர் ப்ரூஃபிங் செய்த பிறகு தண்ணீர் தேக்கி, ஒன்றிரண்டு நாள் கீழ்த்தளத்தில் ஈரம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். செலவே இல்லாத இந்தச் சோதனையைத் தவிர்த்தால், பிறகு டைல்ஸை உடைத்துத்தான் கசிவைத் தேட வேண்டும்.

பணக் கணக்கு எப்படி?

வீட்டுக் கடனை வங்கிகள் ஒரே தவணையில் தருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று வேலை முடிய முடியத்தான் பணம் விடுவிப்பார்கள். கான்ட்ராக்டரின் பில்லும் அப்படியே. ஆக, அளவு தவறினால் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே பணம் போய்விடும்.

டிரெய்னிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய சில கணக்குகள்:

* கம்பியின் எடை: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ.

* பூச்சு வேலை: ஐ.எஸ். 1200 விதிப்படி அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கும் மேல் என்றால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களில் பூசியதைக் கூட்ட வேண்டும்.

* நம்ம ஊர்க் கணக்கு: 100 சதுர அடி ஒரு சதுரம். 100 கன அடி மணலோ ஜல்லியோ ஒரு யூனிட்.

வேலையை நிறுத்தச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லலாம். பெரிய புராஜெக்ட்டுகளில் இதற்கென்றே 'நிறுத்தப் புள்ளிகள்' வைத்திருப்பார்கள். ஃபூட்டிங் கம்பி, பில்லர் கம்பி, ரூஃப் கம்பி, வாட்டர் ப்ரூஃபிங் ஆகிய இடங்களில் பார்த்துக் கையெழுத்து போட்டால்தான் அடுத்த வேலை ஆரம்பிக்கும். 22 வயது டிரெய்னி ஒருவர், 30 வருஷ அனுபவம் உள்ள மேஸ்திரியிடம் 'அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க' என்று சொல்வது எளிதில்லை. கையில் டிராயிங்கும் டேப்பும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். 'இங்க 6 அங்குலத்துக்கு ஒரு ரிங்னு போட்டிருக்கு, 9 அங்குலம் இருக்கு பாருங்க' என்று காட்டினால் பெரும்பாலான மேஸ்திரிகள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

சொந்த வீடு கட்டுபவர்களும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் ஒரு நாள் முன்னதாகத் தகவல், இன்ஜினியர் பார்த்து ஒப்புதல், அதன் பிறகே வேலை. கூடவே ஒரு சைட் டைரி. தேதி, வானிலை, வந்த ஆட்கள், பயன்படுத்திய மூட்டைகள், அளவுகள் என்று தினமும் நாலு வரி எழுதினால் போதும். போட்டோ எடுக்கும்போது டேப்பை விரித்து வைத்து, அளவு தெரியும்படி எடுங்கள். டேப் இல்லாத போட்டோவில் கம்பி இருப்பது தெரியும். எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்பது தெரியாது.